விலை ஏறும், பொருள் மாறும்: குமரி எல்லைப்புறக் கலைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தக்கலைப் பக்கம் வாழ்பவன் என்பதால், பத்மநாபபுரம் அரண்மனையையும் சிதறால் மலையையும் பார்க்க வரும் உறவினர்களோடும் கல்லூரி மாணவர்களோடும் கூடச் செல்லும் வாய்ப்பு எனக்குப் பல ஆண்டுகளாகக் கிடைத்து வருகிறது. அப்போது அவர்கள் கேட்கும் கேள்விகள் வெவ்வேறாகத் தோன்றினாலும் அடியில் இருப்பது ஒன்றுதான்: யாரும் திரும்பிப் பார்க்காத ஒன்று பின்னாளில் கோடிக்கு விலைபோவதும், ஊரே விடிய விடிய உட்கார்ந்து கேட்ட ஒன்று பின்னாளில் ஆளில்லாமல் போவதும் எப்படி நடக்கின்றன? எனக்குத் தெரிந்த அளவில், எங்கள் எல்லைப்புறத்திலிருந்தே சான்றுகள் எடுத்து, இங்கே விடை எழுதியிருக்கிறேன்.

விலை, மதிப்பு, பொருள் மூன்றும் ஒன்றுதானா?

ஒன்றல்ல. பழைய வீடு ஒன்றில் மூன்று தலைமுறையாகத் தொங்கும் வெண்கலத் தூக்குவிளக்கை எடுத்துக்கொள்வோம். பாத்திரக்கடையில் அதை எடைக்குப் போட்டால் ஒரு தொகை கிடைக்கும். பழம்பொருள் வாங்குபவர் அதைப்போலப் பல மடங்கு தருவார். அந்த விளக்கின் கீழ் உட்கார்ந்து பாட்டி ராமாயணம் வாசித்ததைக் கேட்டு வளர்ந்த பேரன் எந்தத் தொகைக்கும் கொடுக்க மாட்டான். எடைக்காரர் சொல்வதும் பழம்பொருள்காரர் சொல்வதும் விலை. பேரன் நெஞ்சில் வைத்திருப்பது மதிப்பு. விளக்கு ஏன் செய்யப்பட்டது, எந்த மூலையில், எந்த நேரத்தில், யார் கையால் ஏற்றப்பட்டது என்பது அதன் பொருள். இவை மூன்றும் ஒன்றாக ஏறுவதும் இல்லை, ஒன்றாக இறங்குவதும் இல்லை. பெரும்பாலும் பொருள் மறக்கப்பட்ட பிறகுதான் விலை ஏறத் தொடங்குகிறது என்பது என் அனுபவம்.

பத்மநாபபுரம் அரண்மனை தமிழ்நாட்டில் இருந்தும் கேரள அரசு பராமரிப்பது ஏன்? அதற்கும் கலையின் பொருளுக்கும் என்ன தொடர்பு?

1956 நவம்பர் 1ஆம் நாள் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய 4 தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது, கல்குளம் தாலுகாவில் உள்ள இந்த அரண்மனை மட்டும் கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பிலேயே விடப்பட்டது. இதை நிர்வாக ஏற்பாடு என்று சொல்லிக் கடந்துவிடலாம்; எனக்கு அப்படித் தோன்றவில்லை. 18ஆம் நூற்றாண்டில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா இதை விரிவாக்கிப் பத்மநாபசுவாமியின் பெயரைச் சூட்டியபோது இது ஓர் ஆட்சியின் இதயம். நூற்றாண்டின் இறுதியில் தலைநகரம் திருவனந்தபுரத்துக்குப் போன பிறகு இது அரசரில்லாத அரண்மனை. 1930களில் அருங்காட்சியகமாக மாறியபோது பார்வையாளருக்குரிய காட்சி. மாநிலங்கள் பிரிந்த பிறகு ஒரு மாநிலத்தின் நினைவு மற்றொரு மாநிலத்தின் மண்ணில் நிற்கும் இடம். மரமும் ஓடும் சுண்ணமும் மாறவில்லை. அவை யாருக்காக நிற்கின்றன என்பதற்கான விடைதான் நான்கு முறை மாறியிருக்கிறது.

உப்பரிகை மாளிகையின் மேல்தளத்தில் உள்ள சுவரோவியங்கள் இன்னும் தெளிவான சான்று. அந்த அறை பத்மநாபசுவாமிக்கென ஒதுக்கப்பட்டது. அனந்தசயனமும் பிற தெய்வ வடிவங்களும் அங்கே தீட்டப்பட்டது கூட்டம் கூட்டமாக வந்து பார்ப்பதற்காக அல்ல. விளக்கொளியில், வழிபாட்டின்போது, மிகச் சிலரின் கண்ணுக்கு மட்டும் உரியவையாக இருந்த அவற்றை இன்று நாம் அச்சிட்ட நூல்களில் பட்டப்பகலில் பார்க்கிறோம். அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் நாம் பார்ப்பது, அந்த ஓவியர் பார்க்கச் சொன்ன முறையில் இல்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒரே சிற்பம் இரண்டு மதங்களுக்கு உரியதாக இருக்க முடியுமா?

சிதறால் மலைக்கு ஏறிப் பாருங்கள். திருச்சாரணத்து மலை என்று கல்வெட்டுகள் சொல்லும் அந்தக் குன்றில், பாறை முகத்தில் சமணத் தீர்த்தங்கரர்களும் அவர்களுடைய காவல் பெண்தெய்வங்களான இயக்கிகளும் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். 9ஆம் நூற்றாண்டில் ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் காலத்தில், குணந்தாங்கிக் குரத்திகள் என்ற சமணப் பெண்துறவி இங்குள்ள படாரியார் என்ற பெண்தெய்வத்துக்குப் பொன் அணிகலன்கள் அளித்ததை ஒரு கல்வெட்டு கூறுகிறது. பின்னர் சமணம் இந்தப் பகுதியில் தேய்ந்தபோது மலைக்கோயில் பகவதி கோயிலாக வழிபாட்டைத் தொடர்ந்தது. இன்று அது மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள நினைவுச்சின்னம்.

படாரி, பகவதி என்ற இரண்டு பெயர்களையும் அடுத்தடுத்துச் சொல்லிப் பார்க்கும்போது, வழிபட்ட பெண்கள் இந்த மாற்றத்தை ஒரு பெரிய உடைவாக உணர்ந்திருக்க மாட்டார்கள் என்றே நான் எண்ணுகிறேன். மலையின் மேல் ஓர் அம்மை இருந்தாள். பிறகும் ஓர் அம்மை இருந்தாள். வரலாற்று மாணவருக்கு அது சமணச் சிற்பம், பக்கத்து ஊர்ப் பாட்டிக்கு அது பகவதி, வெளியூர்ப் பயணிக்கு அது புகைப்படத்துக்கு ஏற்ற இடம். நாகர்கோவில் நாகராஜா கோயில் தூண்களில் பார்சுவநாதரும் மகாவீரரும் இன்றும் இருக்கிறார்கள். பால் ஊற்ற வரும் பக்தர்கள் அவர்களைக் கடந்துதான் போகிறார்கள். பழைய பொருளை இடித்துத் தள்ளாமல் அதன்மேல் புதிய பொருளை ஏற்றி வைத்த இந்த வழக்கத்தால்தான் 1,000 ஆண்டுக்கு மேற்பட்ட கல் நம் கைக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

ரவி வர்மாவின் புகழ் ஏன் இப்படி ஏறி இறங்கி மீண்டும் ஏறியது?

மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இது. சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். 1848இல் கிளிமானூரில் பிறந்த ரவி வர்மா, 1873இல் சென்னைக் கண்காட்சியிலும் அதே ஆண்டு வியன்னா உலகக் கண்காட்சியிலும் பரிசு பெற்று, 1893இல் சிகாகோ வரை தம் ஓவியங்களை அனுப்பியவர். அரசர்களுக்கு வரைந்தவர், 1894இல் மும்பைப் பக்கம் ஒரு அச்சகம் தொடங்கி, லட்சுமியையும் சரஸ்வதியையும் எண்ணெய் ஓவியம் போலவே தோன்றும் வண்ண அச்சுப் படங்களாக எளியவர் வீட்டுக்கும் அனுப்பினார். கோயிலுக்குள் நுழைய அனுமதியில்லாத மக்கள் வாழ்ந்த காலம் அது. தெய்வத்தின் முகத்தைத் தங்கள் வீட்டுச் சுவரில், எவருடைய அனுமதியும் இல்லாமல், மிக அருகில் வைத்துப் பார்க்க முடிந்தது எவ்வளவு பெரிய செய்தி என்பதை இன்று நம்மால் முழுதாக உணர்ந்துகொள்ள முடியாது. திருவிதாங்கூரில் கோயில் நுழைவுப் பிரகடனம் 1936இல்தான் வந்தது.

1906இல் அவர் மறைந்த காலத்திலேயே காற்று திசைமாறத் தொடங்கியிருந்தது. கல்கத்தாவில் அவனீந்திரநாத் தாகூரைச் சுற்றி உருவான புதிய ஓவிய இயக்கமும், ஆனந்த குமாரசாமி போன்ற அறிஞர்களும், இவரது ஓவியங்கள் மேலைநாட்டு முறையைப் பின்பற்றியவை, நாடகமேடைத் தன்மை கொண்டவை, இந்திய ஆன்மாவைக் காட்டாதவை என்று எழுதினார்கள். விடுதலை இயக்கம் தனக்கென ஒரு கலை முகத்தைத் தேடிய நேரத்தில் அந்த விமர்சனம் வலுவாக நின்றது. படித்தவர்கள் சுவரிலிருந்து ரவி வர்மா இறங்கினார். பூஜையறையிலிருந்து மட்டும் இறங்கவே இல்லை. அங்கிருந்து அவர் கோவில்பட்டி கொண்டையராஜு போன்றோரின் கைவழியாகச் சிவகாசி நாட்காட்டிகளுக்குள் நுழைந்து, நம் எல்லோருடைய மனத்திலும் தெய்வங்களுக்கு ஒரு முகத்தை நிலைநிறுத்திவிட்டார்.

1979இல் இந்திய அரசு அவருடைய ஓவியங்களைக் கலைச் செல்வம் என்று அறிவித்து, நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோவதைத் தடைசெய்தது. 1993இல் டெல்லி தேசிய அருங்காட்சியகத்தில் நடந்த கண்காட்சி, ஓவியர்களே அவரை மறுபடியும் உற்றுப் பார்க்க வழிசெய்தது. 2023இல் யசோதையும் கண்ணனும் இருக்கும் அவருடைய ஓவியம் ஒன்று மும்பை ஏலத்தில் 38 கோடி ரூபாய்க்கு விற்றது. இந்த ஏற்ற இறக்கத்தில் ஓவியத்தின் ஒரு கோடுகூட மாறவில்லை. மாறியது, தங்களை யார் என்று காட்டிக்கொள்ள ஒவ்வொரு தலைமுறைக்கும் எது தேவைப்பட்டது என்பதுதான்.

எங்கள் வீட்டில் பழைய ரவி வர்மா படம் இருக்கிறது. நல்ல விலைக்குப் போகுமா?

பெரும்பாலும் அது எண்ணெய் ஓவியமாக இருக்காது; அச்சுப் படமாக இருக்கும். படத்தின் கீழ் விளிம்பில் ரவி வர்மா அச்சகத்தின் பெயர் அச்சிடப்பட்டிருக்கிறதா என்று சட்டத்தைக் கழற்றாமலே முதலில் பாருங்கள். அந்தப் பெயரோடு வந்த எல்லாமும் அவர் காலத்தவை அல்ல; 1900களின் தொடக்கத்திலேயே அச்சகம் ஜெர்மன் தொழில்நுட்பர் ஒருவரின் கைக்கு மாறி, ரவி வர்மாவின் மறைவுக்குப் பிறகும் பல்லாண்டு படங்களை அச்சிட்டது. சேலையில் சரிகையும் ஜிகினாவும் ஒட்டப்பட்டிருந்தால் அதைக் கழற்றிவிடாதீர்கள். அந்த அலங்காரம் உங்கள் வீட்டுப் பெண்களுடைய கைவேலையாக இருக்கலாம். ஈரத்துணியால் துடைப்பதும் எண்ணெய் தடவுவதும் கூடாது. விற்பதும் வைத்துக்கொள்வதும் உங்கள் விருப்பம். ஆனால் அதை வாங்கியவர் யார், எந்தக் கல்யாணத்துக்கு அல்லது எந்த வீடு பால்காய்ப்புக்கு வந்தது என்பதை ஒரு தாளில் எழுதிப் பின்புறம் உறையில் செருகி வையுங்கள். நான் பார்த்த வீடுகளில், படம் இருந்தது. அந்தத் தாள் எங்கும் இருக்கவில்லை.

அழிந்த பிறகுதான் அருமை தெரிகிறதா?

பல நேரங்களில் அப்படித்தான். 1970 நவம்பர் 30ஆம் நாள் குருவாயூர் கோயிலில் பற்றிய தீ, அங்கிருந்த சுவரோவியங்களைப் பெரிதும் சேதப்படுத்தியது. மறுபடி தீட்ட வேண்டும் என்றபோதுதான் செங்காவி, மஞ்சள்காவி, பச்சை, விளக்குப்புகையின் கருமை, சுவரின் வெண்மை ஆகிய ஐந்து வண்ண மரபை முழுதாக அறிந்த கைகள் எவ்வளவு குறைந்துவிட்டன என்பது தெரியவந்தது. மம்மியூர் கிருஷ்ணன்குட்டி நாயர் போன்ற மூத்தவர்கள் அந்தப் பணியை முன்னின்று செய்தார்கள். 1989இல் குருவாயூர் தேவஸ்வம் சுவரோவியப் பள்ளியைத் தொடங்கியது. அங்கிருந்து பரவிய மரபு இன்று சேலை முந்தானையிலும் உணவகச் சுவரிலும் இருக்கிறது. முந்தானையில் அனந்தசயனம் இருப்பதைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் உண்டு. ஆனால் அந்தச் சேலைகளை வரைந்து பிழைக்கும் இளைஞர்கள் இல்லாவிட்டால், அடுத்த முறை ஒரு கருவறைச் சுவர் பழுதாகும்போது யாரை அழைப்போம்?

பார்ப்பவரே இல்லாத கலைக்கு மதிப்பு உண்டா?

பாலக்காட்டுப் பக்கம் பாரதப்புழைக் கரை ஊர்களில் நடக்கும் தோல்பாவைக்கூத்தைப் பார்த்த பிறகு எனக்கு இதில் ஐயமே இல்லை. பகவதி கோயிலுக்கு எதிரே நிரந்தரமாகக் கட்டப்பட்ட கூத்துமாடத்தில், திரைக்குப் பின்னால் தேங்காய் மூடிகளில் 21 விளக்குகளை வரிசையாக ஏற்றி, கம்பராமாயணச் செய்யுள்களைச் சொல்லி, மலையாளம் கலந்த தமிழில் அவற்றுக்கு விரிவுரை தந்து, சில கோயில்களில் 21 இரவுகள் வரை நடத்துவார்கள். நடத்துபவர்களைப் புலவர் என்றே அழைக்கிறார்கள். தாரிகன் என்ற அசுரனோடு போரிட்டுக்கொண்டிருந்த பத்ரகாளி ராம ராவண யுத்தத்தைக் காணமுடியாமல் போனதால், அவளுக்காகவே ஆண்டுதோறும் இதை நடத்திக் காட்டுகிறார்கள் என்பது மரபு. நள்ளிரவு கடந்தால் முற்றத்தில் மனிதர் எவரும் இருப்பதில்லை. புலவர்கள் ஒரு செய்யுளையும் விடுவதில்லை, ஏனென்றால் கேட்க வேண்டியவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

நம் அளவுகோலில், ஆளில்லாத அரங்கம் தோல்வி. அவர்கள் அளவுகோலில் அப்படி ஒரு சொல்லே கிடையாது. அதே கூத்து இன்று ஒரு மணி நேரமாகச் சுருங்கி, நகர அரங்குகளிலும் வெளிநாட்டு விழாக்களிலும் கைதட்டல் பெறுகிறது. ஷொர்ணூர் அருகிலுள்ள குடும்பத்தைச் சேர்ந்த கே. கே. ராமச்சந்திர புலவருக்கு 2021இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. இரண்டையும் அவர்கள் ஏற்று நடத்துகிறார்கள். எனக்கு நெகிழ்ச்சி தருவது வேறொன்று: தமிழ்நாட்டில் கம்பனைப் பட்டிமன்றத்துக்கும் பாடநூலுக்கும் ஒதுக்கிவிட்ட நாளிலும், மலையாள மண்ணில், ஆளற்ற முற்றத்தை நோக்கி அவன் பாட்டு இரவெல்லாம் ஒலித்துக்கொண்டிருக்கிறது.

வில்லுப்பாட்டு சுருங்கியது வீழ்ச்சியா?

எங்கள் ஊர்க் கொடைவிழாக்களில் வில்லின் வேலை கதை சொல்வது மட்டுமன்று. இசக்கியம்மன் கதையோ சுடலைமாடன் கதையோ வளர்ந்து உச்சத்துக்கு வரும்போது, குடமும் உடுக்கும் வேகமெடுக்க, சாமியாடிக்கு அருள் வந்தாக வேண்டும். வராவிட்டால் புலவரின் பாட்டில் குறை. என்.எஸ். கிருஷ்ணன் அதே வில்லை எடுத்துக் காந்தி மகான் கதையைப் பாடியபோதும், பின்னர் வானொலி வழியாக அது வீடுகளுக்குள் வந்தபோதும், அருளுக்குப் பதிலாகக் கருத்தும் சிரிப்பும் நோக்கமாயின. அதனால் வில்லுக்கு நாடெங்கும் பெயர் கிடைத்தது. இரவு முழுதும் நீண்ட கதை அரை மணிக்குள் அடங்கியபோது ஓலைச்சுவடியில் இருந்த கிளைக்கதைகள் உதிர்ந்தன என்பதும் உண்மை. வீழ்ச்சி என்று சொல்ல மாட்டேன். ஆனால் உதிர்ந்தவற்றை யாரேனும் பதிவு செய்யாவிட்டால் அவை திரும்பாது.

கலை உயர்ந்தால் கலைஞரும் உயர்வாரா?

கட்டாயம் இல்லை. கோயிலிலும் அவையிலும் ஆடப்பட்ட சதிர், 1930களில் பரதநாட்டியம் என்ற பெயரோடு மேடை ஏறி மதிப்புப் பெற்றது. அதை நூற்றாண்டுகளாகக் காத்த தேவதாசிக் குடும்பங்களின் பெண்களில் பெரும்பாலோர் அந்த மேடையில் இடம்பெறவில்லை. சென்னை மாகாணத்தில் 1947இல் வந்த தேவதாசி ஒழிப்புச் சட்டம் பல பெண்களைச் சுரண்டலிலிருந்து காத்தது; அதே வேளையில் ஆட்டத்தைக் கற்றவர்களிடமிருந்து ஆட்டம் விலகிப் போனது. சுசீந்திரம் கோயில் மண்டபங்களில் நிற்கும் ஆடற்பெண் சிற்பங்களை எல்லோரும் ரசித்துப் படம் எடுக்கிறோம். அந்தக் கல்லுக்குக் கிடைத்த மரியாதை, அங்கே உயிரோடு ஆடிய பெண்களுக்குப் பின்னாளில் கிடைக்கவில்லை என்பது எனக்கு என்றும் வருத்தம்.

வடசேரி நகை கோயில் நகையா, கல்யாண நகையா?

இரண்டும்தான். வடசேரி நாகர்கோவிலின் ஒரு பகுதி. சிலைகளுக்காகச் செய்யப்பட்ட வடிவங்கள், வெள்ளியில் அரக்கு நிரப்பிக் கெம்புக்கல் பதித்துத் தங்கத் தகடு போர்த்தி, நாட்டியம் ஆடுபவர்களுக்கு வந்தன. அவர்களைப் பார்த்து மணப்பெண்களுக்கு வந்தன. நாகர்கோவில் கோயில் நகைக்குப் புவிசார் குறியீடும் உண்டு. அச்சில் வார்த்த மலிவுப் பொருளைக் கைவேலை என்று சொல்லி விற்பதுதான் இங்கே உண்மையான தொல்லை.

எங்கள் கோயிலில் திருப்பணி நடக்கப் போகிறது. பழைய ஓவியம் மங்கிவிட்டது. என்ன செய்யலாம்?

தயவுசெய்து அதன்மேல் எதையும் பூச விடாதீர்கள். இந்த மாவட்டத்தில் ஒரு கோயிலில், நான் சிறுவனாக இருந்தபோது கண்ட கிருஷ்ணன் ஓவியத்தின்மேல், கும்பாபிஷேகத்துக்கு முன் பளபளக்கும் எனாமல் பெயிண்டைப் பூசிவிட்டார்கள். செய்தவர்களுக்குத் தீய எண்ணம் எதுவும் இல்லை. சாமி அழுக்கான சுவரில் இருக்கக் கூடாது என்ற பக்திதான். ஆனால் சுண்ணச் சுவர் மூச்சுவிட வேண்டும். எனாமல் அதை அடைத்துவிட்டால் உள்ளே ஈரம் தங்கி, சில மழைக்காலங்களில் புதுப் பூச்சு உரியும்போது பழைய ஓவியத்தையும் சேர்த்தே உரித்துக்கொண்டு விழும். அந்தக் கிருஷ்ணனின் ஒரு கால்விரல் மட்டும் இப்போது மிச்சம். திருநந்திக்கரைக் குடைவரையில் 1,000 ஆண்டுப் பழமை கொண்ட ஓவியத்தின் தடயங்களாவது எஞ்சியிருப்பதற்கு, யாரும் அவற்றைப் புதுப்பிக்க முனையாததும் ஒரு காரணமாக இருக்கலாம். பூச்சு வேலைக்கு முன் எல்லாப் பக்கங்களிலிருந்தும் நல்ல வெளிச்சத்தில் படம் எடுங்கள்; ஊரில் மூத்தவர் ஒருவரை அழைத்து எந்த உருவம் யார் என்று சொல்லச் செய்து ஒலிப்பதிவு செய்யுங்கள்; பிறகு தொல்லியல் துறைக்கு எழுதி, அவர்கள் வந்து பார்க்கும் வரை காத்திருக்கக் கமிட்டியிடம் கேளுங்கள்.

அருங்காட்சியகத்துக்குப் போன பொருள் திரும்ப வழிபாட்டுக்கு வர முடியுமா?

கடத்தப்பட்டு வெளிநாடு போன பத்தூர் நடராஜர் லண்டன் நீதிமன்றத்தில் வென்று 1991இல் இந்தியா திரும்பியதும், ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் 2008இல் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கிய ஸ்ரீபுரந்தான் நடராஜர் 2014இல் திரும்பியதும் பலருக்குத் தெரியும். திரும்பி வருவது நடக்கிறது. பழைய கருவறையும் அன்றாட பூசையும் அந்தப் பொருளுக்காகக் காத்திருக்கின்றனவா என்பதுதான் கடினமான பகுதி.

எங்கள் ஊரில் அந்தக் காத்திருப்பு ஆண்டுதோறும் கண்முன் நடக்கிறது. நவராத்திரிக்கு முன், பத்மநாபபுரம் தேவாரக்கட்டு சரஸ்வதியும் வேளிமலைக் குமாரசுவாமியும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரம் புறப்படுகிறார்கள். அந்தச் சரஸ்வதியைக் கம்பர் வழிபட்டதாகவே ஊரில் சொல்வார்கள். ஆண்டு முழுதும் பயணிகள் சீட்டு வாங்கிப் பார்க்கும் அந்த அரண்மனையின் உப்பரிகை மாளிகையிலிருந்து, அன்று அரசரின் உடைவாள் வெளியே எடுக்கப்பட்டு ஊர்வலத்தோடு கொடுத்தனுப்பப்படுகிறது. யானையும் பல்லக்குகளும் குழித்துறையில் ஓர் இரவு தங்கி, மறுநாள் களியக்காவிளையில் எல்லையைக் கடக்கும்போது இரு மாநிலக் காவலரும் அணிவகுத்து நிற்கிறார்கள். சாலையோரத்தில் தட்டம் ஏந்தி நிற்கும் பெண்களில் சிலர் தமிழிலும் சிலர் மலையாளத்திலும் கும்பிட்டுக்கொள்கிறார்கள். விஜயதசமி முடிந்ததும் மூவரும் வந்த வழியே திரும்பி வருகிறார்கள். வாள் மீண்டும் தன் இடத்துக்குப் போகிறது.